5–10 வயசுப் பிள்ளைகளுக்கு வார இறுதி விளையாட்டு: கிரிக்கெட் கோச்சிங்கா, ஓட-தாண்ட-எறியப் பழக்குறதா?

உறையூர் மைதானம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க குடியிருப்போர் நலச்சங்கம் சார்பா பக்கத்து மாநகராட்சி மைதானத்துல சனி, ஞாயிறு காலை 6.30 முதல் 7.45 வரை பிள்ளைகளுக்கு விளையாட்டு வகுப்பு ஆரம்பிக்கிறோம். பேர் கொடுத்திருக்கிறது 42 பேர், 5 வயசுலேருந்து 10 வரை. அதுல 17 பேர் பொண்ணுங்க. இடம் சுமார் 40 மீட்டருக்கு 25 மீட்டர், மண் தரை, மேற்கு ஓரத்துல வரிசையா வேப்ப மரம். உதவிக்கு 6 பேர் இருக்காங்க, நாலு காலேஜ் பசங்க, ரெண்டு பெற்றோர். யாருக்கும் கோச்சிங் அனுபவம் கிடையாது. கையில 12,000 ரூபாய் இருக்கு.

பெற்றோர்ல பாதிப் பேர், ஒரு கிரிக்கெட் கோச்சைப் போட்டுடுங்கன்னு கேக்குறாங்க. சங்கத்துல ஒருத்தர், இந்த வயசுல ஒரே விளையாட்டைப் பிடிச்சுக்கக் கூடாது, ஓட, தாண்ட, எறிய, பிடிக்க, உதைக்கத்தான் முதல்ல ஒழுங்கா பழக்கணும்ங்கிறார். எது சரி? ரெண்டாவதுதான்னா ஒரு மணி நேரத்துல என்னென்ன செய்யிறது, என்ன சாமான் வாங்குறது, பிள்ளைங்க முன்னேறுறாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.


பி.டி. மாஸ்டர் எழுதியது:

உங்கள் சங்கத்துக்காரர் சொல்வதுதான் சரி. பெற்றோருக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்கும் என்பதால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடிப்படை அசைவுகளை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். இடம்விட்டு இடம் போகும் அசைவுகள்: ஓட்டம், நொண்டி, இரண்டு காலால் தாண்டுவது, பக்கவாட்டில் தாவிப் போவது. பொருளைக் கையாளும் அசைவுகள்: எறிவது, பிடிப்பது, உதைப்பது, மட்டையால் அடிப்பது. உடம்பை நிலைநிறுத்தும் அசைவுகள்: ஒற்றைக்காலில் நிற்பது, சட்டென்று திரும்புவது, தாண்டி இறங்கும்போது தடுமாறாமல் நிற்பது. வயது ஏறினால் இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓட்டம் ஓரளவுக்கு வரும். எறிவதும் பிடிப்பதும் அப்படி வராது. யாராவது சொல்லிக்கொடுத்து, பிள்ளை நூற்றுக்கணக்கான தடவை செய்தால்தான் வரும். 1980இல் அமெரிக்க ஆய்வாளர் வெர்ன் சீஃபெல்ட் இதை ஒரு தடுப்பு என்றே குறிப்பிட்டார். அடிப்படை தேறாத பிள்ளைக்கு அதற்கு மேல் எந்த விளையாட்டிலும் நுழைவது கஷ்டம் என்பது அவர் கருத்து. 12 வயதில் பந்து பிடிக்கத் தெரியாத பிள்ளையை எந்த அணியிலும் சேர்க்க மாட்டார்கள். அது ஸ்கோர் எழுத உட்கார்ந்துவிடும், பிறகு மைதானத்துக்கே வராது. நாற்பது வயதில் மருத்துவர் சொல்லித்தான் ஷூ வாங்கும்.

கிரிக்கெட் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் 7 வயதுப் பிள்ளை கிரிக்கெட் வகுப்பில் பெரும்பாலான நேரம் தன் முறைக்காகக் காத்து நிற்கும். உதைப்பது, நொண்டுவது எதுவும் அதில் இல்லை. மூன்று வருஷம் கழித்து அதே பிள்ளை கிரிக்கெட்டுக்குப் போனால், எறியவும் பிடிக்கவும் தெரிந்த பிள்ளையாகப் போகும். பெற்றோரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

இனி கணக்கு. இதுதான் முக்கியம். 42 பேரை 14 பேராக மூன்று வரிசையில் நிற்கவைத்து, வரிசைக்கு ஒரு பந்து கொடுத்தால், ஒரு முறைக்கு 15 விநாடி என்று வைத்தாலும் 10 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்று எறிதான் கிடைக்கும். இரண்டு பேருக்கு ஒரு பந்து கொடுத்து எதிரெதிரே நிறுத்துங்கள். அதே 10 நிமிடத்தில் ஆளுக்கு நாற்பது, ஐம்பது எறி கிடைக்கும். நல்ல வகுப்பா, மோசமான வகுப்பா என்பதை முக்கால்வாசி இதுவே தீர்மானித்துவிடுகிறது. மைதானத்தில் எங்கேயாவது நான்கு பேருக்கு மேல் வரிசை நின்றால் அந்த இடத்தில் ஏதோ தப்பு என்று உங்கள் உதவியாளர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

ஒரு திறன் நன்றாகப் படிய 240 முதல் 600 நிமிடம் வரை பயிற்சி வேண்டும் என்று ஆஸ்திரேலியப் பள்ளி உடற்கல்வியில் ஒரு கணக்குச் சொல்வார்கள். உங்களுக்கு வாரம் இரண்டு நாள். ஒரு திறனுக்கு நாளைக்கு 10 நிமிடம் ஒதுக்கினால் 12 வாரத்தில் 240 நிமிடம், அதாவது கீழ் எல்லைதான். அதனால் முதல் 12 வாரத்துக்கு மூன்று திறன் போதும்: எறிதல், பிடித்தல், தாண்டி இறங்குதல் (நொண்டியையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்). அடுத்த 12 வாரத்துக்கு உதைத்தல், மட்டையால் அடித்தல், திசைமாற்றி ஓடுதல். பத்துத் திறனையும் முதல் மாதமே தொட்டுப் பார்த்தால் ஒன்றும் படியாது.

நேரப் பங்கீடு: முதல் 10 நிமிடம், வந்தவர் வந்தவுடனே ஏதாவது எடுத்து விளையாடும்படி கயிறும் பந்தும் பரப்பி வையுங்கள். 'எல்லாரும் வந்த பிறகு ஆரம்பிக்கலாம்' என்றால் சீக்கிரம் வந்த பிள்ளைக்குத்தான் தண்டனை. மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடவிடுவதும் வேண்டாம், ஓட்டத்தையே வெறுக்கவைக்கும். அடுத்த 10 நிமிடம் வால் பிடிக்கும் ஆட்டம். பழைய புடவையை 40 செ.மீ. துண்டுகளாகக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்தவர் வாலைப் பிடுங்க வேண்டும். வால் போனவர் வெளியே உட்காரக் கூடாது. ஓரத்தில் ஐந்து தடவை தாண்டிவிட்டு, புது வால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட வேண்டும். பிறகு தண்ணீர். அதன் பின் மூன்று இடம், இடத்துக்கு 14 பிள்ளை, இரண்டு உதவியாளர், 10 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். கடைசி 15 நிமிடம் நாலுக்கு நாலு சின்ன ஆட்டம், ஒரே நேரத்தில் நான்கைந்து இடத்தில் நடக்கட்டும். 42 பேரும் ஒரே ஆட்டம் என்றால் ஐந்து பேர் விளையாடுவார்கள், மீதிப் பேர் மண்ணில் கோடு கிழிப்பார்கள்.

சாமான்: டென்னிஸ் பந்து 24 (டென்னிஸ் கிளப்பில் கேட்டால் பழசு கொடுப்பார்கள், இதற்கு அது போதும்). 20 செ.மீ. விட்டமுள்ள மெத்தென்ற பிளாஸ்டிக் பந்து 14. மூன்றாம் நம்பர் கால்பந்து 7. ஐந்தாம் நம்பர் வேண்டாம், அது 410 முதல் 450 கிராம் வரை இருக்கும், சின்னக் கால் அதை உதைக்கப் பயப்படும். சைக்கிள் டயர் 12, ஸ்கிப்பிங் கயிறு 14, பிளாஸ்டிக் மட்டை 6, மணல் போட்ட தண்ணீர் பாட்டில் 30 (கூம்பு வாங்கவே தேவையில்லை). 15 செ.மீ. சதுரத் துணிப் பையில் நூறு நூற்றிருபது கிராம் புளியங்கொட்டை போட்டுத் தைத்தால் எறிந்து பழகும் பை தயார். அதில் 24 தைத்துக்கொள்ளுங்கள். அரிசியோ பயறோ போடாதீர்கள், எலி கடிக்கும். பழைய ஃபிளெக்ஸ் பேனர் மூன்று. இத்தனையும் உங்கள் தொகைக்குள் அடங்கும், கொஞ்சம் மிஞ்சும்.


எறிபந்து எழுதியது:

மாஸ்டர் சொன்னதுக்கு மேல, எறியறது பிடிக்கிறது ரெண்டைப் பத்தி மட்டும் எழுதுறேன். உதவிக்கு வர்றவங்க அதிகமாத் தடுமாறுற இடம் இதுதான்.

எறியறதுல முக்கியமா நாலு விஷயத்தைப் பாருங்க. கை கீழே போய்ப் பின்னாடி சுத்தி வருதா. உடம்பு பக்கவாட்டுல திரும்பி, எறியாத பக்கத்துத் தோள் இலக்கைப் பாக்குதா. வலது கையால எறிஞ்சா இடது கால் முன்னாடி போகுதா. பந்தை விட்டப்புறம் கை குறுக்கே எதிர்ப்பக்க இடுப்பு வரைக்கும் வருதா. பெரும்பாலான சின்னப் பிள்ளைங்க நேரா நின்னுக்கிட்டு முழங்கையிலேருந்து மட்டும் தள்ளுவாங்க, இல்லன்னா வலது கையும் வலது காலும் சேர்ந்தே முன்னாடி போகும்.

இதுக்குப் பாதிக் காரணம் நாம கொடுக்கிற இலக்கு. மூணு மீட்டர்ல ஒரு பாட்டிலை வச்சு அடிக்கச் சொன்னா, பிள்ளை குறி பார்த்து மெதுவாத்தான் எறியும். மெதுவா எறிய உடம்பைத் திருப்பவே வேண்டாம், கை மட்டும் போதும். அதனால முதல் ஆறு வாரம் குறியே வேண்டாம், வேகம் மட்டும். ரெண்டு கம்பத்துக்கு நடுவுல ஃபிளெக்ஸை விறைப்பா இழுத்துக் கட்டுங்க. 6 மீட்டர் தள்ளிக் கோடு போட்டு, 'சத்தம் பெருசா வரணும்'னு மட்டும் சொல்லுங்க. பந்து பட்டு டமார்னு கேட்டதும் பிள்ளை தானாவே உடம்பை முறுக்கிக் காலை நீட்டி வச்சு எறிய ஆரம்பிக்கும். ஃபிளெக்ஸைத் தொய்வாக் கட்டினா பந்து அங்கேயே செத்து விழும், சத்தமும் வராது.

கால் மாறிப் போற பிள்ளைக்கு வாயால விளக்கம் சொல்லாதீங்க. கோட்டுக்குப் பின்னாடி பக்கவாட்டுல ரெண்டு பாதம் வரைஞ்சு, முன்னாடி ஒரு டயர் போட்டு, அதுக்குள்ள முன்னங்காலை வச்சு எறியச் சொல்லுங்க. எறியாத கையில ஒரு ரிப்பன் கட்டி, 'ரிப்பன் பக்கத்துக் கால்தான் டயருக்குள்ள போகணும்'னா 5 வயசுப் பிள்ளைக்கும் புரியும். ஒரு நேரத்துல ஒரு திருத்தம்தான். முழங்கை, கால், தோள்னு மூணையும் ஒண்ணா சொன்னா அப்படியே உறைஞ்சு நின்னுடும். பந்தும் விரலுக்குள்ள அடங்கணும். பெரிய பந்தைக் கொடுத்தா யாரா இருந்தாலும் குண்டு எறியிற மாதிரி தோள்லேருந்துதான் தள்ளுவாங்க.

பிடிக்கிறதுல பிரச்சினை பெரும்பாலும் பயம். தலையைத் திருப்பிக்கிறது, கண்ணை மூடிக்கிறது, பந்தை நெஞ்சோட அணைச்சுக்கிறது எல்லாம் அதோட அடையாளம். 5, 6 வயசுல நெஞ்சோட அணைக்கிறது இயல்பு, திட்ட வேண்டாம். பலூன்ல ஆரம்பிங்க, அது மெதுவா வரும், கண்ணு தொடர்ந்து போகும். அடுத்து புளியங்கொட்டைப் பை. அது கையில பட்டா துள்ளாது, அதனால முதல் வெற்றி இதுலதான் கிடைக்கும். அப்புறம் மெத்துப் பந்து, ரெண்டு மீட்டர்லேருந்து கீழ்க்கை வீச்சுல ஒரு தடவை தரையில குத்தி வர்ற மாதிரி. அப்புறம் குத்தாம. டென்னிஸ் பந்து கடைசி. பத்துக்கு ஏழு கையால மட்டும் பிடிச்சா ஒரு படி ஏத்துங்க. நாலுக்குக் கீழ போனா ஒரு படி இறக்குங்க. இதை வயசைப் பார்த்துச் செய்யாதீங்க, பிள்ளையைப் பார்த்துச் செய்யுங்க.

இன்னொண்ணு, காலை ஏழு மணிக்கு வெயில் சாய்வா கிழக்கேருந்து வரும். ஜோடிகளைக் கிழக்கு-மேற்கா நிறுத்தினா பாதிப் பிள்ளைங்களுக்குக் கண்ணு கூசிப் பந்தே தெரியாது. வடக்கு-தெற்கா நிறுத்துங்க. மண் நிறப் பந்தை மண் தரையில கொடுக்காதீங்க, மஞ்சளோ ஆரஞ்சோ கொடுங்க.


உறையூர் மைதானம் எழுதியது:

மாஸ்டர், அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. வரிசைக் கணக்கைப் போட்டுக் காட்டினதும் சங்கத்துல கிரிக்கெட் பேச்சு அடங்கிடுச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, பெற்றோர் 'மார்க்' கேப்பாங்க. எப்படி அளக்கிறது? இன்னொண்ணு, பாண்டி, ஏழு கல்லு, கிட்டிப்புள் மாதிரி நம்ம ஊர் ஆட்டங்களையே வச்சு நடத்தினா என்னன்னு ஒரு தாத்தா கேக்குறார். அதுலயே இந்தத் திறனெல்லாம் வந்துடாதா?


எம்.பி.எட். எழுதியது:

அளக்குறது பத்தி மட்டும் சொல்றேன் அண்ணா.

மத்திய அரசோட கேலோ இந்தியா உடற்தகுதிப் பரிசோதனையில 5–8 வயசுக்கு உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குறது), ஃபிளமிங்கோ சமநிலை (ஒத்தைக்கால்ல நிக்கிறது), தட்டு தட்டுதல் (ரெண்டு வட்டத்தைக் கையால வேகமா மாறி மாறித் தொடுறது)னு மூணு இருக்கு. 9 வயசுலேருந்து 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர், உட்கார்ந்து முன்னால் வளையிறது, வயிறு, கை வலிமை. உடற்தகுதியைப் பாக்க இது சரி. ஆனா பிள்ளைக்கு எறியத் தெரியுதா, பிடிக்கத் தெரியுதான்னு இதுல தெரியாது. 50 மீட்டர் நேரமும் வளர்த்தியைப் பொறுத்தது. ஆறு மாசம் மூத்த பிள்ளை ஜெயிக்கும், அவ்வளவுதான்.

உங்க வேலைக்குப் பொருத்தமானது அசைவோட வடிவத்தைப் பாக்குற முறை. உலகம் முழுக்க அதிகமாப் பயன்படுறது அமெரிக்கப் பேராசிரியர் டேல் உல்ரிச் உருவாக்கின டிஜிஎம்டி-3ங்கிற பரிசோதனை. 3 வயசுலேருந்து 10 முடியிற வரைக்குமான பிள்ளைங்களுக்கு, மொத்தம் 13 திறன். ஒவ்வொரு திறனுக்கும் சில குறிப்புகள், ரெண்டு தடவை செய்யவிட்டு, குறிப்பு தெரிஞ்சா 1, தெரியலன்னா 0. எல்லாம் சேர்த்து 100. தூரமோ நேரமோ இதுல அளக்கிறதே இல்ல. முழுசாச் செய்யப் பயிற்சி வேணும். நீங்க நாலு திறன் மட்டும் எடுத்துக்குங்க. எறிதலுக்கு மேல சொன்ன நாலு குறிப்பு. பிடித்தலுக்கு மூணு: முழங்கை மடிஞ்சு கை முன்னாடி தயாரா இருக்கா, பந்து வரும்போது கை அதை நோக்கி நீளுதா, கையால மட்டும் பிடிக்குதா. நின்ன இடத்துலேருந்து தாண்டுறதுக்கு நாலு: முட்டி மடங்கிக் கை பின்னாடி போகுதா, கை வேகமா முன்னாடி தலைக்கு மேல வருதா, ரெண்டு காலும் சேர்ந்தே கிளம்பி சேர்ந்தே இறங்குதா, இறங்கும்போது கை கீழே வருதா. நொண்டிக்கு நாலு: தூக்கின கால் ஊசலாடி உதவுதா, அந்தப் பாதம் பின்னாலேயே இருக்கா, கை மடங்கி முன்னாடி வீசுதா, விடாம நாலு தடவை போகுதா. ஆக 15 குறிப்பு, ரெண்டு தடவைக்கு 30.

மைதானத்துல பார்த்துக்கிட்டே மார்க் போட முடியாது, அசைவு ஒரு விநாடியில முடிஞ்சுடும். போனை ஸ்டாண்டுல பிள்ளை இடுப்பு உயரத்துக்கு வச்சு, ஆறேழு மீட்டர் தள்ளி, பக்கவாட்டுலேருந்து எடுங்க. அப்புறம் மெதுவா ஓடவிட்டுப் பாருங்க. முதல் பத்துப் பிள்ளைங்களுக்கு ரெண்டு பேர் தனித்தனியா மார்க் போட்டு ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டு மீதியைப் போடுங்க. இல்லன்னா முன்னேற்றம் பிள்ளையோடதா, மார்க் போட்டவர் மாறினதாலயான்னு தெரியாது. ஆரம்பத்துல ஒரு தடவை, 12 வாரம் கழிச்சு ஒரு தடவை. பெற்றோர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க, வாட்ஸ்அப் குரூப்புல வீடியோ போடாதீங்க, மார்க் போட்டதும் அழிச்சுடுங்க.

பெற்றோருக்கு ரேங்க் பட்டியல் கொடுக்கவே கொடுக்காதீங்க. 'உங்க பொண்ணு இப்போ எதிர்க்காலை வச்சு எறியிறா, அடுத்தது தோளைத் திருப்பணும், வீட்டுல தினம் இருபது தடவை சுவத்துல எறியச் சொல்லுங்க'ன்னு ஒரே வரி எழுதிக் கொடுங்க. வீட்டுல செய்ய ஒரு வேலை கிடைச்சா மார்க்கைப் பத்திக் கேக்க மாட்டாங்க.


வைகைக் கரை எழுதியது:

தாத்தா கேட்டது நல்ல கேள்வி. நம்ம ஆட்டங்கள்ல இந்தச் சரக்கு நிறையவே இருக்கு. ஆனா அப்படியே எடுத்துப் போட்டா ரெண்டு சிக்கல் வரும். ஒண்ணு, அவுட் ஆனவங்க உட்கார்ந்துடுவாங்க. முதல்ல அவுட் ஆகுறது யாருன்னா அதிகமாப் பழக வேண்டிய பிள்ளைதான். ரெண்டாவது, பெருசா உதைக்கிற ஆட்டமோ ரெண்டு கையால பிடிக்கிற ஆட்டமோ நம்மகிட்ட கம்மி. அதனால இது மட்டும் போதாது, கலந்து நடத்துங்க.

பாண்டி ரொம்ப நல்லது. நொண்டி, சமநிலை, கீழ்க்கை வீச்சு மூணும் ஒண்ணா வருது. குனிஞ்சு சில்லு எடுக்கிற அந்த நேரம் ஒத்தைக்கால்ல நிக்கிறது பெரியவங்களுக்கே கஷ்டம். ஒரு கட்டத்துக்கு மூணு பேருக்கு மேல வேண்டாம், ஆறேழு கட்டம் வரைஞ்சுடுங்க. போறப்போ வலது கால், திரும்பறப்போ இடது கால்னு விதி வைங்க, இல்லன்னா ஒரே கால்லதான் பழகுவாங்க. 5 வயசுக்குப் பெட்டி 30 செ.மீ. போதும், 9 வயசுக்கு 45.

நொண்டி பிடிக்கிற ஆட்டத்துக்கு 5 மீட்டர் சதுரம், அஞ்சு பேர். நொண்டுறவரை இருபது விநாடிக்கு ஒருமுறை மாத்துங்க. ஒருத்தரே நொண்டிக்கிட்டு இருந்தா கெண்டைக்கால் பிடிச்சுக்கும், வடிவமும் கெட்டுடும்.

ஏழு கல்லுக்குத் துணிப்பந்து அல்லது ஸ்பாஞ்சுப் பந்துதான், இடுப்புக்குக் கீழதான் அடிக்கணும். ஆளுக்கு ஒரு பந்து கொடுத்துட்டுக் கல்லைக் கலைக்கச் சொல்லுங்க. ஒரு பந்தை வச்சு முறை பாத்தா திரும்பவும் வரிசைதான்.

கோகோவை 9, 10 வயசுக்கு வைங்க. எட்டுப் பேர் குந்தி உட்கார்ந்திருக்கிற முழு அணி வேண்டாம். நாலு பேர் உட்கார்ந்து, ஒருத்தர் துரத்தி, ரெண்டு பேர் ஓடினாப் போதும். குந்தின இடத்துலேருந்து சட்டுன்னு எழுந்து பாயுற அந்த முதல் ரெண்டு அடி, எந்த விளையாட்டுக்கும் உதவும்.

பச்சைக்குதிரை பழைய வரிசைப்படியே போகட்டும்: குனியிறவர் முதல்ல கால் விரலைப் பிடிக்கணும், அப்புறம் கணுக்கால், அப்புறம் முட்டி. தாடை நெஞ்சோட ஒட்டியிருக்கணும், தலை தூக்கினா தாண்டுறவர் முட்டி கழுத்துல படும். சத்தமில்லாம இறங்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு மட்டும் இது.

கிட்டிப்புள் மட்டும் 42 பேர் இருக்கிற மைதானத்துல வேண்டவே வேண்டாம். புள்ளு எந்தப் பக்கம் பறக்கும்னு அடிக்கிறவருக்கே தெரியாது, கண்ணு போயிடும். அந்த அடிக்கிற பழக்கத்தை வேற மாதிரி கொண்டுவரலாம். உங்க வேப்ப மரக் கிளையில கயிறு கட்டி, வெங்காய வலைப் பையில ஒரு மெத்துப் பந்தைப் போட்டுப் பிள்ளையோட இடுப்பு உயரத்துக்குத் தொங்க விடுங்க. பக்கவாட்டுல நின்னு, மட்டையை ரெண்டு கையால பிடிச்சு அடிக்கணும். பந்து எங்கயும் ஓடாது, பொறுக்குற நேரம் மிச்சம். ஒரு கிளைக்கு ஒரு பந்து, மட்டை சுழல்ற வட்டத்துக்கு வெளியே ரெண்டு மீட்டரில் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குள்ள அடிக்கிறவர் தவிர யாரும் நிக்கக் கூடாது.


இயன்முறை எழுதியது:

காயம், வெயில் பற்றிச் சில குறிப்புகள்.

மைதானத்தில் கோடு போட நீற்றிய சுண்ணாம்புத் தூளைப் பயன்படுத்தாதீர்கள். பிள்ளைகள் விழுவார்கள், புரள்வார்கள், அந்தக் கையாலேயே கண்ணைத் தேய்ப்பார்கள். காரம் அதிகமான அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழி வெந்துபோகும். கோலமாவு போதும். யார் கண்ணிலாவது சுண்ணாம்பு பட்டுவிட்டால் உடனே சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவத் தொடங்கி, 20 நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

காலை வகுப்புக்கு முன் உதவியாளர்கள் ஒரே வரிசையாக நின்று, மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குனிந்து பார்த்துக்கொண்டே நடந்து போங்கள். நெருஞ்சி, கண்ணாடித் துண்டு, ஆணி எல்லாம் கிடக்கும். தரை சுத்தமாக இருந்தால் வெறுங்கால் நல்லதுதான். ரப்பர் செருப்போடு ஓடவிடாதீர்கள், திரும்பும்போது கழன்று கணுக்கால் பிசகும்.

வேப்ப மரம் மேற்கு ஓரத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் அதன் நிழல் மேற்கே, மைதானத்துக்கு வெளியேதான் விழும். ஆகவே நிழல் இருக்கிறது என்று நம்பி இருந்துவிட வேண்டாம். மார்ச் முதல் ஜூன் வரை 6 மணிக்கே தொடங்கி 7.15க்கு முடியுங்கள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் தண்ணீர் குடிக்கட்டும், தாகம் எடுக்கிறதா என்று கேட்காதீர்கள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வாழைப்பழம் தயாராக இருக்கட்டும். வியர்வை நின்றுபோனாலும், முகம் வெளுத்தாலும், தலை சுற்றுகிறது என்றாலும், பேச்சு குழறினாலும் ஆட்டத்தை நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து விசிறுங்கள். குழறலோ மயக்கமோ இருந்தால் 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

தாண்டும் பயிற்சியில் இறங்கும்போது முட்டிகள் உள்பக்கம் ஒன்றையொன்று பார்த்து வளைவதைக் கவனியுங்கள். 'பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்கு, முட்டி கால்விரலைப் பார்க்கட்டும்' என்று சொன்னால் பெரும்பாலும் திருந்தும். உயரத்திலிருந்து குதிக்கவைப்பதாக இருந்தால் 30 செ.மீ.க்கு மேல் வேண்டாம். எட்டு வயதுக்கு மேல் ஒரு பிள்ளை குதிகால் பின்புறம் வலிக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் சொன்னால், அது வளரும் எலும்பில் வரும் வலியாக இருக்கலாம். தாண்டுவதைக் குறைத்து, எறியும் பக்கம் அனுப்புங்கள். நொண்டிக்கொண்டே வந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

42 பேரில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு, எத்தனை தடவை செய்தாலும் அசைவு படியாமல் இருக்கலாம். பட்டன் போடுவது, எழுதுவது, படி இறங்குவதும் சிரமம் என்று பெற்றோர் சொன்னால், அது சோம்பலோ பயமோ ஆகாது. குழந்தை நல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், வகுப்பிலிருந்து நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள், பந்தே தெரியாத பிள்ளைகள் நிறைய உண்டு. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு, பந்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி உருட்டினால் சரசரவென்று சத்தம் வரும், அதை வைத்துப் பிடிப்பார்கள்.

பெண் பிள்ளைகள் பற்றி யாரும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பொருளைக் கையாளும் திறன்களில் பெண் பிள்ளைகள் பின்தங்குவதற்குப் பெரிய காரணம், பந்து அவர்கள் கைக்குக் குறைவாகவே வருவதுதான். இருவருக்கு ஒரு பந்து என்ற முறையிலேயே இதில் பாதி சரியாகிவிடும். மீதிக்கு, சின்ன ஆட்டத்தில் 'எல்லாரும் ஒருமுறை தொட்ட பிறகுதான் கோல்' என்ற விதி. ஒன்பது, பத்து வயதில் அவர்கள் வராமல் போவதற்குக் கழிப்பறை இல்லாததும், பெண் உதவியாளர் யாரும் இல்லாததும், வேடிக்கை பார்க்கக் கூட்டம் நிற்பதும்தான் காரணமாக இருக்கும். உங்கள் ஆறு பேரில் இரண்டு பெண்கள் ஒவ்வொரு வகுப்பிலும் கட்டாயம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையும் ஒரே ஒரு பெரியவரோடு தனியாக இருக்கக் கூடாது என்பதையும் விதியாகவே எழுதி வையுங்கள்.


உறையூர் மைதானம் எழுதியது:

கோலமாவு விஷயம் நாங்க யோசிக்கவே இல்ல மேடம், நேத்துதான் சுண்ணாம்பு வாங்கச் சொல்லியிருந்தோம். உடனே மாத்திட்டேன். கடைசியா ஒண்ணு: அக்டோபர், நவம்பர் மழையில மைதானம் சேறாயிடும். சமுதாயக் கூடம் ஒண்ணு இருக்கு, 12 மீட்டருக்கு 8 மீட்டர். அங்க நடத்தலாமா, இல்ல ரெண்டு மாசம் நிறுத்திடலாமா?


பி.டி. மாஸ்டர் எழுதியது:

நிறுத்தாதீர்கள். இரண்டு மாத இடைவெளி விட்டால் பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள். ஆனால் அந்த இடத்தில் 42 பேர் முடியாது. 21 பேராக இரண்டு பிரிவாக்கி, ஆளுக்கு 40 நிமிடம் கொடுங்கள். கூடத்தில் ஓட்டமும் வேக எறியும் வேண்டாம். சமநிலை, பிடித்தல், உருளல், ஸ்கிப்பிங் இவற்றுக்கு அதுதான் சரியான இடம். காற்று இல்லாததால் பலூன் நன்றாக வேலை செய்யும். இரண்டு பேருக்கு ஒரு பலூன் கொடுத்து, தரையில் விழாமல் உள்ளங்கை, முழங்கை, முட்டி என்று மாற்றி மாற்றித் தட்டச் சொல்லுங்கள். கோலமாவுக்குப் பதில் தரையில் நிற நாடா ஒட்டி, அதன் மேல் குதிகாலும் விரலும் தொடும்படி நடப்பது, நடுவில் நின்று புளியங்கொட்டைப் பையைப் பிடிப்பது, தலையில் பை வைத்துக் குந்தி எழுவது. ஸ்கிப்பிங் கயிற்றின் நீளத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள். நடுவில் ஒரு காலால் மிதித்து இழுத்தால் பிடி அக்குள் வரை வர வேண்டும். நீளம் கூடினால் கயிறு தரையில் சுருண்டு காலில் சிக்கும். மேலே மின்விசிறி தாழ்வாக இருந்தால் அந்த வரிசையில் கயிறு சுழற்ற விடாதீர்கள். கூடத்தின் தரை டைல்ஸ் என்றால் மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி வாசலில் இரண்டு சாக்கு போடுங்கள், சாக்ஸோடு யாரையும் தாண்டவிடாதீர்கள், வெறுங்காலே போதும்.